துணிக்கடைக்காரர் மகளின் மூன்று புத்தகங்கள்

ரொறன்ரோவுக்கு நான் போனது ஊர் பார்க்க அல்ல, கடதாசி கொடுக்க. என் தங்கை வசந்தியின் பிறப்புச் சான்றிதழ், கலியாணப் பதிவு, அப்பாவின் மரணச் சான்றிதழ் என்று ஆறு மூலப் பிரதிகள். அவளுடைய நிரந்தர வதிவிட விண்ணப்பத்துக்கு அவை தேவைப்பட்டன. தபாலை நம்ப முடியாது, நீங்களே கொண்டுவாருங்கள் என்று எழுதியிருந்தாள். நான் கொழும்பில் ஒரு பாடசாலை நூலகத்தைப் பார்த்துக்கொள்பவன். கடதாசியைக் கசங்காமல் கடல் கடத்த என்னை விட்டால் ஆளில்லை என்று குடும்பம் முடிவு செய்துவிட்டது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி, ஒக்டோபர் மாதம், பத்து நாள் விடுமுறை.

ஸ்காபரோவில் வசந்தியின் வீடு பதினோராம் மாடியில். லிஃப்ட் மாடிக்கு மாடி நின்றது. ஒன்பதாம் மாடியில் யாரோ மீன் பொரித்துக்கொண்டிருந்தார்கள். பத்தாம் மாடியில் அதை மன்னிக்காத ஒருவர் சாம்பிராணி போட்டிருந்தார். வசந்தியின் கணவர் குணம் இரண்டு வேலை செய்பவர். அந்தப் பத்து நாளில் அவரைப் பெரும்பாலும் சோபாவில் கண் மூடிய நிலையில்தான் தரிசித்தேன்.

முதல் சாப்பாடு, பனங்கிழங்கு மாவில் காய்ச்சும் ஒடியல் கூழ். யுத்தத்தில் யாழ்ப்பாணப் பாதை மூடிக் கிடந்ததால் கொழும்பில் நான் ஒடியல் மாவைக் கண்டு இரண்டு வருடம். இங்கே பிளாசாக் கடையில் பைபையாக அடுக்கி வைத்திருக்கிறார்களாம். கொழும்புக்கு வர முடியாத மா இங்கே எப்படி வந்தது என்று கேட்டேன்.

“வந்திட்டுது, அவ்வளவுதான்” என்றார் குணம், கண்ணைத் திறக்காமல்.

சாப்பிட்டு முடிந்ததும் வசந்தி கையைத் துடைத்துவிட்டு ஆறு கடதாசிகளையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். பிறகு உறையைக் கவிழ்த்து உதறினாள்.

“வேறை ஒண்டும் இல்லையோ அண்ணை?”

“வேறை என்ன?”

“தம்பியின்ரை படம் ஏதும்.”

“இல்லை” என்றேன். அது முழு உண்மையல்ல. அதைப் பிறகு சொல்கிறேன்.

எங்கள் தம்பி பத்தொன்பது வயதில் ஒரு மாலை சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் இயக்கத்தில் சேர்ந்தான். இரண்டு வருடத்தில் அவன் இல்லை என்று செய்தி வந்தது. அடுத்த மாதம் ஆமிக்காரர் வீடு வீடாகச் சோதனை போட்டபோது வசந்தி அவன் இருந்த எல்லாப் படங்களையும் அடுப்பில் வைத்தாள். இயக்க உடுப்போடு நின்ற ஒன்றை மட்டுமல்ல, தவழ்ந்த வயதுப் படத்தையும் சேர்த்து. நான் அப்போது கொழும்பில் பத்திரமாக இருந்தேன். அன்றிலிருந்து அவள் சொந்தக்காரர் எல்லோருக்கும் கடிதம் எழுதிக் கேட்கிறாள். ஒருவரிடமும் இல்லை, அவர்களும் எரித்திருந்தார்கள்.

இரண்டாம் நாள் தனியே நகரம் பார்க்கப் புறப்பட்டேன். பஸ் சாரதி மெல்லிய ஒரு சீட்டுத் தந்தார். கொழும்பில் பஸ் டிக்கெட்டைச் சுருட்டி எறிந்து பழகிய கை. சப்வே நிலையத்தில் குப்பைத்தொட்டி மிகவும் துப்புரவாக இருந்தது, எறிந்தேன். நகரத்தில் இறங்கி ட்ராமில் ஏறும்போதுதான் அந்தச் சீட்டைக் காட்டினால் மறுபடி காசு கொடுக்க வேண்டியதில்லை என்று தெரிந்தது. எறிந்துவிட்டேன் என்றேன். சாரதி கோபிக்காமல் “ஏன்?” என்று கேட்டார். மறுபடி காசு போட்டேன். எனக்குப் பின்னால் நின்ற பெண்மணி என்னிடம் மன்னிப்புக் கேட்டார். எதற்கென்று இன்றுவரை விளங்கவில்லை.

வசந்தி திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் நகரத்தின் மறுபக்கத்தில் ஒரு வயதான யூதப் பெண்மணியின் வீட்டில் உதவி வேலை செய்தாள். போக இரண்டு பஸ், ஒரு சப்வே.

“மனிசியும் உங்களை மாதிரிப் பழங் கடதாசிப் பைத்தியம்” என்றாள். “புதன்கிழமை என்னோடை வாங்கோ. நான் கேட்டுட்டன்.”

மிஸிஸ் ரோஸனுக்கு எழுபதை எட்டும் வயது. முழங்கால் இரண்டும் வேலைநிறுத்தம் செய்திருந்தன, வாய் செய்யவில்லை. உள்ளே வந்தவுடன் என்னைச் சாப்பிட உட்கார வைத்தார். கறுத்த ரொட்டி, வினாகிரியில் ஊறிய மீன். அந்த மீன், நம் ஊரில் உப்பில் ஊறவைக்கும் ஜாடி மீனுக்கு ஒன்றுவிட்ட சகோதரம். அவர் சமயப்படி இறைச்சிக்கு ஒரு தொகுதிப் பாத்திரம், பாலுக்கு வேறு தொகுதி. வேலைக்கு வரும் பெண்கள் எல்லோரும் இதில் குழம்பிப் போவார்களாம், வசந்தி மட்டும் முதல் நாளே பிடித்துக்கொண்டாளாம்.

“இதிலை என்ன இருக்கு” என்றாள் வசந்தி என்னிடம். “எங்கடை வீட்டிலையும் மச்சச் சட்டி வேறை, சைவச் சட்டி வேறைதானே.”

சாப்பாடு முடிந்ததும் மிஸிஸ் ரோஸன் இரண்டு பெரிய புத்தகங்களைக் கொண்டுவரச் சொன்னார். அவருடைய அப்பா ஏரிக்கரையில் ஒரு சின்ன ஊரில் ஆண்களுக்கான துணிக்கடை வைத்திருந்தார். உலக யுத்தம் நடந்த காலம், கடதாசிக்குத் தட்டுப்பாடு. கம்பனிகள் அனுப்பிய துணி மாதிரிப் புத்தகங்களிலிருந்து துண்டுகளை உரித்துவிட்டு, அந்தத் தடித்த தாள்களில் பதினான்கு வயதில் தன் ஊரை ஒட்டத் தொடங்கியிருக்கிறார். சில பக்கங்களில் சாம்பல் நிறக் கம்பளித் துண்டு இன்னும் இருந்தது.

சீனிக் கூப்பன். பள்ளிக்கூட ஹொக்கி அணி தோற்ற செய்தி. யாரோ வீட்டுப் பசு தண்டவாளத்தில் படுத்து ரயிலைத் தாமதப்படுத்திய செய்தி. தாளோடு தாளாக நசுங்கிய ஒரு காய், அதன் பஞ்சு பட்டுப் போல வெளியே வழிந்திருந்தது. பார்த்தவுடன் எருக்கம் பஞ்சு என்றுதான் நினைத்தேன். கடற்படைக்கு உயிர்காப்பு அங்கி நிரப்பப் பள்ளிப் பிள்ளைகள் எல்லோரும் சாக்கோடு போய் வயலோரத்தில் பொறுக்கினார்களாம்.

ஒரு பக்கத்தில் ஏரிக்கரை விடுதியொன்றின் விளம்பரம்: நல்ல மீன், நல்ல படகு, யூதர்களுக்கு அனுமதியில்லை. அதை ஒட்டி அவர் அப்பாவின் கடை விளம்பரம்: யுத்தத்துக்குப் போகும் பையன்களுக்குக் காலுறை இலவசம். ஊரில் யூதக் குடும்பம் அவர்களுடையது ஒன்றுதான்.

“இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டியிருக்கிறீர்களே” என்றேன்.

“நான் ஒட்டவில்லை. பத்திரிகையில் அப்படித்தான் வந்தது. வெட்டும்போது சேர்த்து வெட்டினேன்.”

இரண்டாவது புத்தகத்தின் கடைசித் தாளில் ஒரு கடித உறை. அவர் அம்மா போலந்திலிருந்த தன் அக்காவுக்கு எழுதியது. சேவை நிறுத்தப்பட்டுள்ளது, அனுப்பியவருக்கே திருப்புக என்று முத்திரை குத்தித் திரும்பி வந்திருந்தது. உறை பிரிக்கப்படவில்லை.

“ஒருநாளும் திறந்து பார்க்கவில்லையா?”

“அது எனக்கு எழுதியதல்லவே” என்றார்.

நான் வேலையில் பார்த்த பழங்காலப் பொருள்களில் பாதிக்கு மேல் அவற்றின் சொந்தக்காரர்கள் பீற்றிக்கொண்டவை. இந்த மனிசி எதையும் பீற்றவில்லை. கேட்டால் மட்டும் சொன்னார். எனக்கு அவரைப் பிடித்துப் போய்விட்டது.

மூன்றாவது புத்தகம் படுக்கையறையில் இருந்தது. யுத்தத்துக்குப் போன பையன்கள் சீருடையோடு படம் எடுத்து அவர் அப்பாவுக்கு அனுப்புவார்கள். அவர் அதைக் கடைக் கண்ணாடியில் ஊர் பார்க்க வைப்பார். முப்பத்தொரு பேர். அதில் ஒன்று மிஸிஸ் ரோஸனின் அண்ணன் டேவிட். விமானப்படை. கடலுக்கு மேலே போன விமானம் திரும்பவில்லை. யுத்தம் முடிந்து கண்ணாடியிலிருந்து இறக்கிய படங்களை மிஸிஸ் ரோஸன் மூன்றாவது புத்தகத்தில் வைத்தார். மூன்று புத்தகங்களையும் பழம் பொருள்களைக் காட்சிக்கு வைக்கும் அந்த ஊர் நூதனசாலைக்குக் கொடுக்கப் போவதாகவும், அவர்கள் நாள் சொல்லக் காத்திருப்பதாகவும் சொன்னார்.

அந்த நேரம் தொலைபேசி அடித்தது. வசந்தி எடுத்தாள். பொறுமையாகக் கேட்டு, சரியென்று சொல்லி வைத்தாள். ஆங்கிலத்தில் மிஸிஸ் ரோஸனுக்குப் பிசகில்லாமல் சொன்னாள். பிறகு எனக்கும் சொன்னாள்.

“வெள்ளிக்கிழமை நூதனசாலையிலை இருந்து ஆள் வருதாம். படத்திலை நிக்கிற பெடியளின்ரை பேர், தாய் தேப்பன் ஆர், ஆர் இருக்கினம், ஆர் இல்லை, எல்லாம் விசாரிச்சு எழுதோணுமாம்.”

“நல்லது. ஒருவழியாக வருகிறார்கள்” என்றார் மிஸிஸ் ரோஸன். “மூன்றாவதை அன்றைக்கு எல்லோரும் சேர்ந்து பார்ப்போம்.”

வசந்தி படுக்கை விரிப்பு மாற்றப் போனாள். வர வெகு நேரமானது. எருக்கம் பஞ்சிலும் பசுவிலும் மூழ்கியிருந்த நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

வியாழக்கிழமை வசந்திக்கு வேலையில்லை. பிளாசாவில் எனக்குக் கொத்து ரொட்டி வாங்கித் தந்தாள். பக்கத்து மேசையில் இரண்டு பேர் நகரத்துக்கு வெளியே அஜக்ஸில் வீடு வாங்கலாமா என்று வாதாடிக்கொண்டிருந்தார்கள். “வீடு மலிவுதான், ஆனா காலமை ஹைவேயிலைதான் குடியிருக்கோணும்” என்றார் ஒருவர். வசந்தி சிரிக்கவில்லை. ரொட்டியில் பாதியை அப்படியே வைத்துவிட்டாள். விண்ணப்பத்தைப் பற்றி யோசிக்கிறாள் என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை பஸ் சீட்டைச் சட்டைப் பையில் பத்திரப்படுத்திக்கொண்டு அவளோடு போனேன். மிஸிஸ் ரோஸன் நல்ல உடுப்பு உடுத்திக் காத்திருந்தார். காதைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“இரண்டு நாளாக இடது காதில் சரசர என்று சத்தம். படுத்தால் கேட்கிறது, எழுந்தால் இல்லை. திங்கட்கிழமை டாக்டரிடம் காட்ட வேண்டும்.”

வசந்தி ஏற்கனவே கழுவிய பாத்திரத்தை மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள்.

நூதனசாலைப் பெண் மூன்று மணிக்கு வந்தார். ஓய்வுபெற்ற ஆசிரியை, வெள்ளைக் கையுறை, அட்டைப்பெட்டிகள், நீளமான குறிப்புப் புத்தகம். பொழுது சாயுமுன் வேலை முடிய வேண்டும் என்று மிஸிஸ் ரோஸன் சொன்னார். வெள்ளி மாலை விளக்கேற்றி அவர் சமயத்தின் ஓய்வுநாள் தொடங்கிவிட்டால் அவர் எழுதவோ ஒட்டவோ மாட்டார். முதல் இரண்டு புத்தகங்களும் பெட்டிக்குள் போயின. மூன்றாவதைத் தானே மடியில் வைத்துத் திறந்தார்.

முதல் தாளில் படத்தின் நான்கு மூலைகளையும் பிடிக்கும் கறுப்பு மூலைக் கடதாசிகள் இருந்தன. நடுவில் ஒன்றுமில்லை. அடுத்த தாளும் அப்படித்தான். மிஸிஸ் ரோஸன் வேகமாகப் புரட்டினார். முப்பத்தொரு இடமும் வெறுமை.

“டேவிட்” என்றார். புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்து உதறினார், வசந்தி என் உறையை உதறியது போலவே.

நூதனசாலைப் பெண் மெதுவாக, “வீட்டுக்கு வேறு யார் வந்துபோகிறார்கள்?” என்று கேட்டார். கேட்டுவிட்டுச் சமையலறை வாசலைப் பார்த்தார். நானும் பார்த்தேன். வசந்தி இரண்டு கைகளையும் துணியில் சுற்றிக்கொண்டு, ஒருவரையும் பார்க்காமல் நின்றாள். திருடி என்று ஒரு சொல் அந்த அறையில் விழுந்தால் அவளுடைய வேலை போகும், விண்ணப்பமும் போகும், நான் கொண்டுவந்த ஆறு கடதாசிக்கும் வேலையிருக்காது. சோதனை நடந்த அன்று எங்கள் வீட்டு அடுப்படியிலும் அவள் இப்படித்தான் நின்றிருப்பாள் என்று நினைத்தேன். அந்த நினைப்பு வந்ததும் எனக்கு விஷயம் விளங்கிவிட்டது.

“வசந்தி, எரிச்சுப்போட்டியோ?”

“இல்லை அண்ணை” என்றாள். “இந்தமுறை எரிக்கேல்லை.”

“எங்கை?”

“அவவின்ரை தலகணிக்குள்ளை.”

அவளே போய்த் தலையணையைக் கொண்டுவந்தாள். உறைக்கும் தலையணைக்கும் நடுவில் ஒரு மெல்லிய துணிப்பொட்டலம், வாய் தைக்கப்பட்டிருந்தது. நூலைப் பல்லால் கடித்துப் பிரித்தாள். முப்பத்தொரு பையன்களும் மேசையில் கிடந்தார்கள், ஒரு மூலை மடியாமல்.

“எனக்குத் தெரியும் அண்ணை, இது கனடா எண்டு. வாறது ஆர் எண்டும் தெரியும்” என்றாள். “பேர் கேட்டு எழுத வருகினம் எண்டவுடனை கை கேக்கேல்லை. எழுத வாறவ போனாப்பிறகு திருப்பி வைப்பம் எண்டு இருந்தன்.”

நான் ஆங்கிலத்தில் சொன்னேன். எங்கள் ஊரில் படத்தில் நிற்பது யார், தகப்பன் யார், இப்போது எங்கே என்று கேட்டு எழுத வருகிறவர்கள் யார் என்று சொன்னேன். உடுப்போடு ஒரு பையனின் படம் வீட்டில் அகப்பட்டால் என்ன நடக்கும் என்று சொன்னேன். நூலகத்தில் பிள்ளைகளுக்கு விதிமுறை வாசிப்பது போலத்தான் சொன்னேன்.

மிஸிஸ் ரோஸன் வசந்தியிடம் நேராகக் கேட்டார்: “உங்கள் வீட்டில் யாருடைய படம் இருந்தது?”

“என் தம்பி” என்றாள் வசந்தி, தன் ஆங்கிலத்தில். “நான் எரித்தேன். எல்லாம்.”

மிஸிஸ் ரோஸன் அவளைப் பார்த்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார்.

“பொழுது சாய இன்னும் இரண்டரை மணித்தியாலம். எந்தப் படம் எந்தத் தாளில் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். உட்காருங்கள், நீங்களும்தான் வசந்தி.”

அவர் பெயர் சொன்னார், ஆசிரியை எழுதினார், வசந்தி மூலைகளில் செருகினாள். பேக்கரிக்காரரின் மகன். தபாற்காரரின் இரண்டு மகன்கள், மூத்தவன் திரும்பி வந்தான். நடனத்துக்கு ஒருநாளும் மிஸிஸ் ரோஸனை அழைக்காத ஒருவன், இத்தாலியிலிருந்து மட்டும் நான்கு கடிதம் எழுதியவன். நான் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் டேவிட் மட்டும் மேசையில் இருந்தான். காது கொஞ்சம் பெரிது, தொப்பி அதைவிடப் பெரிது.

வசந்தி அவனை எடுத்துத் தாளில் வைக்கப் போனாள். மிஸிஸ் ரோஸன் அவள் கையைப் பிடித்தார்.

“இது வேண்டாம். இருந்த இடத்திலேயே வையுங்கள்.”

ஆசிரியை பேனாவை எடுத்தார். தன் குறிப்பில் முப்பத்தொன்றை வெட்டி முப்பது என்று எழுதினார். வசந்தி டேவிட்டைத் துணியில் சுற்றித் தலையணைக்குள் வைத்துத் தைத்தாள். இரண்டு விளக்கையும் மேசையில் எடுத்து வைத்துவிட்டு நாங்கள் புறப்பட்டோம். திங்கட்கிழமை வரும்போது ரொட்டி வாங்கிவரச் சொல்லி மிஸிஸ் ரோஸன் வாசல்வரை குரல் கொடுத்தார். வேலை போகவில்லை என்பதை அவர் அப்படிச் சொன்னார்.

திரும்பும் பஸ்ஸில் இடம் கிடைத்தது. நான் கண்ணாடிப் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

“தம்பியின்ரை படம் ஒண்டு என்னட்டைக் கிடக்கு.”

அவள் என் பக்கம் திரும்பினாள். நான் முழுவதையும் சொன்னேன். அவன் ஒருமுறை ரியூஷனுக்கு வந்து கொழும்பில் என்னோடு மூன்று மாதம் நின்றபோது நூலக அட்டைக்கு எடுத்த சின்னப் படம், தபாலில் அனுப்பப் பயந்து இத்தனை வருடமும் பதுக்கி வைத்திருந்தேன். அதை இந்த ஆறு கடதாசியோடு உறையில் வைத்துவிட்டு, புறப்படுவதற்கு முதல்நாள் விமான நிலையச் சோதனையை நினைத்து வெளியே எடுத்துவிட்டேன். அகராதிக்குள் வைத்துவிட்டு வந்தேன். விமான நிலையத்தில் என் பையைத் திறந்தவர் மிளகாய்த்தூளை மட்டும் முகர்ந்து பார்த்தார். அதை வசந்தியிடம் சொல்ல வெட்கப்பட்டு, படமே இல்லை என்று சொல்லிவிட்டேன்.

“இயக்க உடுப்போடையோ நிக்கிறான்?”

“இல்லை. வெள்ளைச் சேட்டு. பள்ளிக்கூடச் சேட்டு.”

“அப்ப என்னத்துக்கு அண்ணை பயந்தனீங்கள்?”

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். ட்ராம் சாரதியும் இப்படித்தான் “ஏன்?” என்று கேட்டிருந்தார். எனக்கு அழுகை வந்தது. ஐம்பது வயதில், பஸ்ஸில், எதிரே ஒரு பள்ளிப் பெண் சூயிங்கம் மென்றுகொண்டிருக்க. வசந்தி என் கையில் தன் கையை வைத்தாள். எங்கள் தரிப்பு வரும்வரை எடுக்கவில்லை.

மிச்ச நாட்கள் ஏரி, கோயில், அருவி என்று ஓடின. அவற்றைப் பற்றி எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

கொழும்புக்கு வந்த மறுநாள் அகராதியைத் திறந்து படத்தை எடுத்தேன். இரண்டு அட்டைகளுக்கு நடுவில் வைத்து உறையில் போட்டேன். தபாற்கந்தோருக்குப் போகும் வழியில் ஒரு சோதனைச்சாவடி. சட்டைப் பையில் உறை இருந்தது. அடையாள அட்டையைப் பார்த்துப் போகச் சொன்னார்கள். சட்டைப் பையைக் கையால் பொத்திக்கொண்டு நடந்தேன்.

பதிவுத் தபால் வரிசையில் என் முறை வந்தது. எழுத்தர் உறையை இரண்டு விரலால் வளைத்துப் பார்த்து, உள்ளே என்ன என்று சிங்களத்தில் கேட்டார்.

“என் தம்பியின் படம்” என்றேன், சிங்களத்தில், தேவைக்கு மேல் சத்தமாக. பின்னால் நின்ற இரண்டு பேர் என்னைப் பார்த்தார்கள்.

எழுத்தர் வளைப்பதை நிறுத்தினார். உறையை என் பக்கம் தள்ளி, மடிக்க வேண்டாம் என்று மேலே எழுதுங்கள் என்று தன் பேனாவை நீட்டினார்.